ஈட்டியோடு வந்த மாலுமி: 80,000 டாலரில் எடுத்த ஒரு கௌபாய் படம்

கௌபாய் படங்களில் தெருச் சண்டை கடைசியில்தான் வரும். 1958-இல் வெளிவந்த ‘டெரர் இன் எ டெக்ஸஸ் டவுன்’ அந்தச் சண்டையிலேயே தொடங்குகிறது. ஆளரவமற்ற ஊர்த் தெரு. கறுப்பு உடையில் ஒரு துப்பாக்கிக்காரன் நிற்கிறான். எதிரே நெடுநெடுவென்று வளர்ந்த ஒருவன் நடந்து வருகிறான், இடுப்பில் துப்பாக்கி இல்லை. கையில் இருப்பது திமிங்கலத்தைக் குத்தும் நீண்ட ஈட்டி. கொஞ்ச தூரம் விட்டு ஊர்க்காரர்கள் பின்னால் வருகிறார்கள். துப்பாக்கிக்காரன் அவனைச் சீண்டுகிறான்: அவ்வளவு தூரத்திலிருந்து எறிந்தால் படாது, இன்னும் கிட்டே வா என்கிறான். அந்த இடத்தில் காட்சியை வெட்டிவிட்டு, நடந்த கதையை முதலிலிருந்து சொல்லப் போகிறது படம்.

முடிவு எங்கே போய் நிற்கும் என்பதை முதல் சில நிமிடத்திலேயே காட்டிவிடுகிற இயக்குநருக்குத் துணிச்சல் வேண்டும். அந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனால் படத்துக்கு வெளியே பெரிய கதை ஒன்று கிடைக்கிறது. ஹாலிவுட் ஸ்டுடியோ யுகத்தின் கடைசிக் காலம், கம்யூனிஸ்ட் வேட்டை, பெயரை மறைத்துக்கொண்டு பிழைத்த எழுத்தாளர்கள், நண்பர்களைக் காட்டிக்கொடுத்துவிட்டுத் தூங்க முடியாமல் தவித்த ஒரு நடிகர் என எல்லாமே இந்த எண்பது நிமிடப் படத்தில் வந்து சேர்கின்றன. எனக்குத் தெரிந்து, ஒரு சின்ன பட்ஜெட் படம் எப்படி வேலை செய்கிறது என்பதைப் புரிந்துகொள்ள இதைவிடச் சிறந்த உதாரணம் அதிகம் கிடையாது.

பணக் கணக்கு

முதலில் காசு விஷயம். இயக்குநர் ஜோசப் எச். லூயிஸ் பின்னாளில் சொன்னபடி படம் பத்து நாளில், சுமார் 80,000 டாலரில் முடிந்தது. அன்றைய ஹாலிவுட் கணக்கில் அது அடிமட்டத் தொகை.

இப்படிப்பட்ட படங்கள் எதற்காக எடுக்கப்பட்டன என்பதையும் சொல்ல வேண்டும். முப்பதுகளில் பொருளாதார மந்தம் வந்து கூட்டம் குறைந்தபோது, அமெரிக்கத் தியேட்டர்கள் ஒரே டிக்கெட்டில் இரண்டு படம் காட்டத் தொடங்கின. பெரிய நட்சத்திரங்கள் நடித்த படம் ஒன்று. அதற்குத் துணையாக, மலிவாக எடுத்த இன்னொன்று. இரண்டாவதுக்குத்தான் பி படம் என்று பெயர். பெரிய படத்துக்கு வசூலில் பங்கு. பி படத்துக்குப் பெரும்பாலும் ஒரே தொகையாக வாடகை. படம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் வாடகை ஏறாது. எவ்வளவு மோசமாக இருந்தாலும் பெரிதாக இறங்காது. வரப்போகும் பணம் முன்கூட்டியே தெரியும் என்பதால் செலவையும் அதற்குள் அடக்கிக் கட்டினார்கள். மோனோகிராம், ரிபப்ளிக் போன்ற சிறு நிறுவனங்கள் இந்தக் கணக்கிலேயே வாழ்ந்தன. அதற்குக் கௌபாய் படம் தோதாக இருந்தது. மலையும் வெயிலும் ஊருக்கு வெளியே சும்மா கிடைத்தன. குதிரை, தொப்பி, மரத்தால் கட்டிய தெரு அரங்கு எல்லாம் ஏற்கெனவே கையிருப்பில் இருந்தன.

1958-க்குள் அந்த உலகம் சரிந்துகொண்டிருந்தது. தியேட்டர்களையும் ஸ்டுடியோக்களையும் பிரிக்க வழிசெய்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு 1948-இல் வந்தது. அப்புறம் தொலைக்காட்சி வந்தது. ‘கன்ஸ்மோக்’ மாதிரியான தொடர்கள் வாராவாரம் வீட்டுக்கே கௌபாய் கதையைக் கொண்டுவந்த பிறகு, மலிவான கௌபாய் படத்துக்கு யார் காசு கொடுத்துப் போவார்கள்? ஆக, ஃபிராங்க் என். செல்ட்ஸர் தயாரித்து யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் விநியோகித்த இந்தப் படம் யாரும் எதிர்பார்க்காத, யாரும் கண்காணிக்காத ஒரு மூலையில் உருவானது. கண்காணிக்கப்படவில்லை என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கேதான் விஷயம் இருக்கிறது.

ஒன்றுசேர்ந்த நால்வர்

திரைக்கதை என்று திரையில் வருகிற பெயர் பென் எல். பெர்ரி. உண்மையில் எழுதியவர் டால்டன் ட்ரம்போ என்பது பின்னால் தெரியவந்தது.

ட்ரம்போவைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1947 அக்டோபரில், அமெரிக்க நாடாளுமன்றக் கீழவையின் விசாரணைக் குழு ஹாலிவுட்காரர்களைக் கூப்பிட்டு, ‘நீ கம்யூனிஸ்ட் கட்சியில் இருக்கிறாயா, இருந்தாயா’ என்று கேட்டது. பதில் சொல்ல மறுத்த பத்துப் பேரில் ட்ரம்போ ஒருவர். அடுத்த மாதமே ஸ்டுடியோ முதலாளிகள் நியூயார்க்கின் வால்டார்ஃப் அஸ்டோரியா ஓட்டலில் கூடி, இவர்களுக்கு இனி வேலை இல்லை என்று அறிவித்தார்கள். 1950-இல் ட்ரம்போ சிறைக்குப் போய்ப் பத்து மாதம் போல இருந்துவிட்டு வந்தார். வெளியே வந்தவருக்கு மனைவி, மூன்று பிள்ளைகள், கடன். தெரிந்த தொழில் எழுத்து மட்டும்தான். வேறு ஆட்களின் பெயரிலும் புனைபெயரிலும், முன்பு வாங்கிய சம்பளத்தில் சிறு பகுதிக்கு, மளமளவென்று எழுதித் தள்ளினார். 1957-இல் ஆஸ்கர் மேடையில் சிறந்த கதைக்காக ராபர்ட் ரிச் என்றொரு பெயரை வாசித்தார்கள். ஆள் வரவில்லை, எழுத்தாளர் சங்கத்தின் சார்பில் வேறொருவர் வாங்கிக்கொண்டார். அந்த ராபர்ட் ரிச்சும் ட்ரம்போதான்.

பெரிய ஸ்டுடியோ அவரைத் தொடாது. சின்னத் தயாரிப்பாளர்கள் தொட்டார்கள், காரணம் எளிது: முதல்தரக் கதை மூன்றாந்தர விலைக்குக் கிடைத்தது. இதில் கொள்கையும் உண்டு, சுரண்டலும் உண்டு. இரண்டையும் பிரித்துப் பார்ப்பது கஷ்டம்.

இரண்டாமவர் நெட்ரிக் யங். நண்பர்களுக்கு நெட் யங். நடிகர், எழுத்தாளர். 1953-இல் அதே விசாரணைக் குழு முன்னால் நின்று பதில் சொல்ல மறுத்தார். அந்த ஆண்டு வெளியான ‘ஹவுஸ் ஆஃப் வாக்ஸ்’ படத்தில் அவர் நடித்திருந்தும் நடிகர் பட்டியலில் பெயர் இல்லை. அதன் பிறகு நடிப்பு வாய்ப்பு வற்றிப்போனது. நேதன் ஈ. டக்ளஸ் என்ற பெயரில் எழுதிப் பிழைத்தார். நம் படத்தில் வருகிற கறுப்பு உடைத் துப்பாக்கிக்காரன் ஜானி க்ரேல் இவர்தான். அதுவும் சொந்தப் பெயரில், சொந்த முகத்தோடு.

மூன்றாமவர் லூயிஸ். முப்பதுகளின் பிற்பகுதியில் யுனிவர்சலில் பாட்டுப் பாடும் கௌபாய் படங்கள் எடுத்துப் பழகியவர். கதை சோப்ளாங்கியாக இருந்தால் சட்டகத்தின் முன்னால் ஒரு வண்டிச் சக்கரத்தை நிறுத்தி, ஆரங்களின் இடுக்கு வழியாகப் படம்பிடிப்பார். அதற்கென்றே சக்கரங்களைக் கூடவே கொண்டுபோவாராம். ‘வண்டிச் சக்கர ஜோ’ என்று படத்தொகுப்பாளர்கள் பட்டப்பெயர் வைத்தார்கள். 1950-இல் அவர் எடுத்த ‘கன் கிரேஸி’யில் ஒரு வங்கிக் கொள்ளையை, காரின் பின்சீட்டில் கேமராவை வைத்து, வெட்டே இல்லாமல் ஒரே ஷாட்டில் எடுத்தார். இன்று திரைப்படப் பள்ளிகளில் பாடமாகக் காட்டப்படும் காட்சி அது. அந்தப் படத்தின் எழுத்திலும் ட்ரம்போவின் கை உண்டு. அங்கே அவருக்காகத் தன் பெயரைக் கடன் கொடுத்தவர் மில்லார்ட் காஃப்மன் என்ற எழுத்தாளர். நெட் யங்கும் அதில் ஒரு சின்ன வேடத்தில் வருகிறார். ஆக, இவர்கள் மூவரும் எட்டு வருடம் கழித்து மறுபடி ஒன்றாகச் சேர்ந்தார்கள் என்றே சொல்லலாம்.

1958-இல் லூயிஸ் சினிமாவைவிட்டு விலகும் யோசனையில் இருந்தார். யங் கதையோடு வந்தபோது அவர் ஒத்துக்கொண்டதற்கு அதுவும் காரணம். போகப் போகிறவனை யார் என்ன செய்துவிட முடியும்? இதுவே அவருடைய கடைசி திரைப்படமாக அமைந்தது. பிறகு தொலைக்காட்சிக்குப் போய், ‘தி ரைஃபிள்மேன்’ தொடரில் நிறைய அத்தியாயங்களை இயக்கினார்.

நான்காமவரைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். ஸ்டெர்லிங் ஹேடன். ஈட்டி ஏந்திய மாலுமி ஜார்ஜ் ஹான்சனாக வருபவர். அவர் நிஜமாகவே மாலுமி. பதின்ம வயதிலேயே கடலுக்குப் போனவர், இருபதுகளின் தொடக்கத்திலேயே பாய்மரக் கப்பலுக்குத் தலைவனாக இருந்து மாசசூசெட்ஸிலிருந்து தாஹிட்டி வரை ஓட்டிப் போனவர். போர்க்காலத்தில் யுகோஸ்லாவியாவின் கம்யூனிஸ்ட் கெரில்லாக்களுக்கு ஆயுதம் கொண்டுபோய்ச் சேர்க்கும் ரகசிய வேலையில் இருந்தார். அவர்கள் மேலிருந்த மதிப்பில் 1946-இல் சில மாதங்கள் கட்சியில் சேர்ந்திருந்தார். 1951 ஏப்ரலில் விசாரணைக் குழு கூப்பிட்டது. ஹேடன் ஒத்துழைத்தார். தெரிந்தவர்களின் பெயர்களைச் சொன்னார்.

தொழில் தப்பித்தது, மனசு தப்பவில்லை. 1963-இல் வந்த ‘வாண்டரர்’ என்ற சுயசரிதையில், அந்த நாளுக்குப் பிறகு தன்மேல் தனக்கு ஏற்பட்ட வெறுப்பை எந்த மறைப்பும் இல்லாமல் எழுதியிருக்கிறார். பெயர்களைச் சொன்ன எத்தனையோ பேர் அதற்கு நியாயம் கற்பித்துக்கொண்டே வாழ்ந்து முடித்தார்கள். ஹேடன் கடைசிவரை தன்னை மன்னிக்கவில்லை. அவர் மேல் எனக்கிருக்கும் மரியாதை அங்கிருந்து வருவது.

இப்போது யோசித்துப் பாருங்கள். வாயைத் திறக்க மறுத்ததால் வாழ்க்கையை இழந்த நெட் யங் ஒரு பக்கம். வாயைத் திறந்ததால் நிம்மதியை இழந்த ஹேடன் மறுபக்கம். இருவரையும் ஒரே தெருவில் எதிரெதிரே நிற்க வைத்து எடுத்த சண்டைதான் படத்தின் முதல் காட்சி. வசனம், வாய்திறக்க மறுத்துச் சிறைக்கே போன இன்னொருவருடையது. படப்பிடிப்பின் போது தளத்தில் அவர்கள் பேசிக்கொண்டார்களோ இல்லையோ, இருவர் முகத்திலும் அது படிந்திருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது.

கதை என்ன

ப்ரெய்ரி சிட்டி என்ற ஊர். மெக்நீல் என்ற பணக்காரன் அங்குள்ள விவசாயிகளின் நிலங்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குகிறான். மண்ணுக்கடியில் எண்ணெய் இருக்கிறது. அது விவசாயிகளுக்குத் தெரியக் கூடாது. ஷெரீஃப் அவன் சட்டைப்பையில். மிரட்டலுக்கு மசியாதவர்களைத் தீர்த்துக்கட்ட, பழைய கூலிக் கொலைகாரன் ஜானி க்ரேலை வரவழைக்கிறான். க்ரேலின் வலது கை போய்விட்டது. அந்த இடத்தில் இரும்புக் கை, அதன்மேல் கறுப்புக் கையுறை. இப்போது இடது கையால் சுடுகிறான். துப்பாக்கிக்காரர்களின் காலம் முடிந்துகொண்டிருக்கிறது என்பது அவனுக்கும் தெரியும். கூடவே இருக்கும் மாலி என்ற பெண்ணுக்கும் தெரியும்.

ஸ்வென் ஹான்சன் என்ற ஸ்வீடன் நாட்டு முதியவர் நிலத்தை எழுதித்தர மறுக்கிறார். க்ரேல் அவரைச் சுட்டுக் கொல்கிறான். பக்கத்து நிலத்து மெக்சிகோக்காரர் ஹோசே மிராடாவும் அவர் மகன் பெப்பேயும் மறைவிலிருந்து அதைப் பார்த்துவிடுகிறார்கள். ஹோசேயின் மனைவி நிறைமாதக் கர்ப்பிணி. பார்த்ததைச் சொன்னால் குடும்பம் போய்விடும். அதனால் வாயை மூடிக்கொள்கிறார்.

அப்பாவைப் பார்க்க வருகிறான் ஜார்ஜ், பல வருடங்களாகக் கடலில் திமிங்கல வேட்டைக்குப் போயிருந்த மகன். வந்தவனுக்குச் சாவுச் செய்திதான் காத்திருக்கிறது. யார் கொன்றது என்று கேட்கிறான். ஷெரீஃபுக்குத் தெரியாது. ஊருக்குத் தெரியாது. நிலம் உனக்குச் சேராது என்கிறார்கள். கேட்டுக்கொண்டே இருந்ததால் அடித்துப் போட்டு ரயிலில் ஏற்றி அனுப்புகிறார்கள். தண்டவாளத்தின் வழியே நடந்து திரும்பி வருகிறான்.

இதுவரை நூறு படங்களில் பார்த்த கதைதான். இங்கிருந்துதான் ட்ரம்போ தெரிகிறார். வழக்கமான கௌபாய் படமாக இருந்தால் இந்த இடத்தில் நாயகன் துப்பாக்கி பழகத் தொடங்குவான். ட்ரம்போவின் அக்கறையெல்லாம் ஹோசே என்ற சாட்சியின் மேல் இருக்கிறது. நல்ல மனிதர். நண்பரின் சாவு அவரை அரிக்கிறது. ஆனால் பயம். ‘எனக்குத் தெரியாது’ என்று சொல்லும்போது அவர் கண் ஜார்ஜின் கண்ணைச் சந்திப்பதில்லை. விக்டர் மிலன் இந்த வேடத்தில் அதிகம் எதுவும் செய்யாமலே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறார். கடைசியில் அவர் வாய்திறக்கிறார், க்ரேல்தான் கொன்றான் என்று சொல்கிறார். அதைத் தெரிந்துகொண்டு க்ரேல் அவர் வீட்டுக்கு வருகிறான்.

அந்தக் காட்சியை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். ஹோசேயின் முகத்தில் அதுவரை ஒட்டியிருந்த பயம் காணோம். உண்மையைச் சொல்லியாகிவிட்டது, இனி மறைக்க ஒன்றுமில்லை. கொல்லப் போகிறவனை நேராகப் பார்க்கிறார். க்ரேல் சுடுகிறான். ஆனால் உடைந்துபோவது க்ரேல்தான். இத்தனை வருடமாக அவன் பார்த்த முகங்களில் எல்லாம் கெஞ்சல் இருந்தது. இவன் பயப்படவில்லை. அந்தப் பயத்தை வைத்துத்தான் க்ரேலின் தொழிலே நடந்தது என்பது அவனுக்கே அப்போதுதான் உறைக்கிறது. திரும்பிப் போய் மாலியிடமும் மெக்நீலிடமும் அதையே சொல்லிக்கொண்டிருக்கிறான்: அந்த ஆளுக்குச் சாவைப் பார்த்துப் பயமில்லை. நெட் யங் அந்த வரிகளைச் சொல்லும் விதத்தில் வில்லத்தனம் ஏதும் இல்லை, குழம்பிப்போன ஒரு மனிதனின் குரல் இருக்கிறது. பிறகு மெக்நீலையே க்ரேல் சுட்டுவிடுவது அந்தக் குழப்பத்தின் தொடர்ச்சி.

சாட்சி சொல்வது பற்றி 1950-களில் அமெரிக்காவில் எடுத்த படங்களில் இதற்குத் தனி இடம் கொடுப்பேன். விசாரணைக் குழு கேட்டது, பலமில்லாதவர்கள் தங்களைப் போன்றவர்களையே காட்டிக்கொடுக்க வேண்டும் என்பது. ட்ரம்போ எழுதிக் காட்டியது வேறு வகைச் சாட்சி. பலசாலி செய்த கொலையை, பலமில்லாதவன் உயிரைக் கொடுத்து ஊரறியச் சொல்கிறான். குழு முன் நின்று வாயை மூடிக்கொண்ட அதே மனிதர், எங்கே வாய்திறக்க வேண்டும் என்பதையும் எழுதியிருக்கிறார்.

1952-இன் ‘ஹை நூன்’ இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய படம். அதை எழுதிய கார்ல் ஃபோர்மனும் விசாரணைக் குழுவால் அழைக்கப்பட்டுப் பிறகு இங்கிலாந்துக்குப் போய்விட்டவர். அந்தப் படத்தில் ஊர்க்காவலுக்குப் பொறுப்பான மார்ஷல் கதவு கதவாகத் தட்டுகிறார், ஊர் கைவிடுகிறது. ‘டெரர்’ வந்தபோது ஆறு வருடம் கழிந்திருந்தது. இதில் ஊர் கடைசியில் ஜார்ஜின் பின்னால் நடக்கிறது. ஆயுதம் தூக்காமல், சும்மா கூடவே வருகிறார்கள். ஆனாலும் வருகிறார்கள். அந்த ஆறு வருடத்தில் பயம் கொஞ்சம் தேய்ந்திருந்தது என்பதற்கு இதை ஓர் அடையாளமாக எடுத்துக்கொள்கிறேன்.

பத்து நாளில் எப்படி எடுத்தார்கள்

காசில்லாதது திரையில் தெரியுமா என்றால், தெரியும். இடங்கள் குறைவு. ஒரு தெரு, மெக்நீலின் அறை, மதுக்கடை, விவசாயி வீடு, ஒரு ரயில் நிலையம். குதிரை விரட்டல்கள் கிட்டத்தட்ட இல்லை. கூட்டம் என்று காட்டுவதும் சிறு கூட்டம்தான்.

லூயிஸ் இதைச் சமாளித்த விதம் அவர் பி படங்களில் கற்றது. ஓர் அறைக்குள் நடக்கும் பேச்சை ஏழெட்டுத் துண்டாக எடுத்தால் ஒவ்வொன்றுக்கும் விளக்கை மாற்ற வேண்டும், நேரம் போகும். அதனால் கேமராவுக்கு அருகில் ஒருவர், ஆழத்தில் இன்னொருவர் என்று நிறுத்தி நீளமாக எடுத்துவிடுகிறார். நடிகர்கள் முன்னும் பின்னுமாக நகரும்போது யார் கை ஓங்குகிறது என்பது வெட்டாமலே புரிந்துவிடுகிறது. மெக்நீலாக வரும் செபாஸ்டியன் கேபட் பருத்த உடம்போடு முன்னால் உட்கார்ந்திருக்க, கறுப்பு உடையில் க்ரேல் பின்னால் நிற்கும் காட்சிகளைக் கவனியுங்கள். பணத்துக்கும் துப்பாக்கிக்கும் இடையே உள்ள உறவை வசனம் இல்லாமலே சொல்லும் அமைப்பு அது. பழைய வண்டிச் சக்கரம் இப்போது மனித உடம்பாக மாறியிருக்கிறது.

ஒளிப்பதிவாளர் ரே ரென்னஹன். ‘கான் வித் த விண்ட்’ படத்தின் வண்ணத்துக்காக ஆஸ்கரைப் பகிர்ந்துகொண்டவர், டெக்னிகலர் என்ற வண்ணப்பட முறையின் முன்னோடிகளில் ஒருவர். அப்படிப்பட்டவர் இங்கே கறுப்பு வெள்ளையில், பத்து நாள் அவசரத்தில் வேலை செய்திருக்கிறார். வெயில் வெளுத்த தெருவில் க்ரேலின் கறுப்பு உடை வெட்டித் தெரியும்படி அவர் வைத்திருக்கும் மாறுபாடு அனுபவஸ்தனின் கைவேலை. இசை ஜெரால்ட் ஃப்ரைட். இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக்கின் தொடக்ககாலப் படங்களுக்கு இசையமைத்தவர். வாத்தியங்கள் குறைவு, மௌனம் அதிகம்.

ஈட்டி வந்தது கதைக்கு மட்டும் உதவவில்லை. துப்பாக்கிச் சண்டையில் வேகம்தான் எல்லாமே. அது எல்லோரும் பார்த்துச் சலித்தது. ஈட்டிக்கு வேண்டியது தூரக் கணக்கு. எறிபவன் நெருங்கியாக வேண்டும். நெருங்க நெருங்கச் சுடுபவனுக்கும் வசதி. அதனால் அந்தச் சண்டை முழுக்க காலடிகளால் ஆனது. ஒவ்வொரு அடிக்கும் ஒரு பதற்றம். இரண்டு நடிகர்கள், ஒரு காலித் தெரு, ஒரு கம்பு. இதைவிடச் சிக்கனமாக ஓர் உச்சக்காட்சியை யாராலும் எடுத்துவிட முடியாது. ஈட்டியைப் பிடித்திருக்கும் ஹேடனின் கையில் பழக்கம் தெரிகிறது. கடலில் உழைத்தவனின் தோள் அது, நடிப்பால் வருவதில்லை.

குறைகளும் இருக்கின்றன. ஹேடன் ஸ்வீடன்காரனாகப் பேச எடுத்துக்கொண்ட உச்சரிப்பு காட்சிக்குக் காட்சி மாறுகிறது, சில இடங்களில் காணாமலே போய்விடுகிறது. நடுவில் ஜார்ஜ் ஒவ்வொருவராகப் போய்க் கேட்கும் பகுதி ஒரே மாதிரிப் போகிறது. மெக்நீல் தன் திட்டத்தை அளவுக்கு மேல் விளக்கிப் பேசுகிறான். நாடக வாடை அடிக்கிறது. இன்னும் பத்து நாள் கிடைத்திருந்தால் இவற்றில் பாதி சரியாகியிருக்கும். ஆனால் அந்தப் பத்து நாளுக்கான பணம் வந்திருந்தால் கூடவே கேள்விகளும் வந்திருக்கும். பெர்ரி என்பது யார், வேறு என்ன எழுதியிருக்கிறார், வில்லனாக நடிப்பவர் 1953-இல் குழு முன் என்ன சொன்னார் என்று எந்த ஸ்டுடியோ அதிகாரியாவது துருவியிருப்பார். பத்து லட்சம் டாலரைக் காக்க ஆள் போடுவார்கள். எண்பதாயிரத்துக்கு யாரும் மெனக்கெடவில்லை. எனக்கு இந்தப் படம் முக்கியமாகப் படுவது இதனால்தான். வறுமை இதற்கு வெறும் இடைஞ்சலாக இருக்கவில்லை, ஒளிந்துகொள்ள இடமாகவும் இருந்தது.

அதே ஆண்டில்

1958-இல் அதே யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் ‘தி டிஃபையன்ட் ஒன்ஸ்’ என்ற படத்தையும் வெளியிட்டது. சங்கிலியால் பிணைக்கப்பட்ட ஒரு கறுப்பரும் ஒரு வெள்ளையருமான கைதிகள் காவலிலிருந்து தப்பிப்பது கதை. எழுதியவர்கள் ஹெரால்ட் ஜேக்கப் ஸ்மித்தும் நேதன் ஈ. டக்ளஸும், அதாவது நெட் யங்கும். பெயர்ப் பட்டியல் ஓடும்போது கைதிகளை ஏற்றிய லாரியின் முன்சீட்டில் இரண்டு பேர் உட்கார்ந்திருப்பார்கள். எழுத்தாளர் பெயர்கள் அவர்கள் முகத்தின் மேலேயே வந்து நிற்கும். இருவரும் அந்த எழுத்தாளர்களேதான். தயாரித்து இயக்கிய ஸ்டான்லி கிராமர் தெரிந்தே செய்த வேலை அது.

ஒரே வருடம், ஒரே விநியோக நிறுவனம். ஒன்றில் யங்குக்கு முகம் உண்டு, அதன்மேல் பொய்ப் பெயர். இன்னொன்றில் முகமும் பெயரும் சொந்தம், வேலை கொலைகாரன் வேடம்.

அதற்குப் பிறகு விஷயங்கள் வேகமாக நடந்தன. விசாரணைக் குழுவுடன் ஒத்துழைக்காதவர்களுக்கு ஆஸ்கர் கிடையாது என்று 1957-இல், அந்த விருதை வழங்கும் அகாடமி ஒரு விதி போட்டிருந்தது. ‘தி டிஃபையன்ட் ஒன்ஸ்’ விருதுப் போட்டிக்கு வரும் என்று தெரிந்த நிலையில், டக்ளஸ் தான்தான் என்பதை யங் வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். 1959 ஜனவரியில் அகாடமி அந்த விதியை நீக்கியது. ஏப்ரலில் அசல் திரைக்கதைக்கான ஆஸ்கர் ஸ்மித்துக்கும் டக்ளஸுக்கும் போனது. அடுத்த வருடம் ‘எக்ஸோடஸ்’, ‘ஸ்பார்ட்டகஸ்’ இரண்டிலும் ட்ரம்போவின் பெயர் சொந்தமாகவே திரையில் வந்தது.

தடை உடைந்த கதையைச் சொல்பவர்கள் எப்போதும் அந்த இரண்டு பெரிய படங்களையே சொல்கிறார்கள். ‘எக்ஸோடஸ்’ இயக்குநர் ப்ரெமிஞ்சருக்கும், ‘ஸ்பார்ட்டகஸ்’ நாயகன் கிர்க் டக்ளஸுக்கும் பெருமை சேர வேண்டியதுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த நாள் வரும்வரை இந்த எழுத்தாளர்களின் அடுப்பை எரிய வைத்தவை பெயர் தெரியாத சின்னப் படங்கள். அவற்றைத் தயாரித்தவர்களில் பலருக்கு அரசியல் அக்கறை ஒன்றும் பெரிதாக இருந்திருக்காது. மலிவாகக் கிடைத்தது, வாங்கினார்கள். அதற்காக அந்தப் படங்களின் பங்கு குறைந்துவிடாது.

நெட் யங் 1968-இல் காலமானார்.  லூயிஸ் 2000 வரை இருந்தார். கைவிடப்பட்ட பி படங்களை எடுத்தவரைத் தேடி விமர்சகர்கள் வருவதையும் பார்த்துவிட்டுத்தான் போனார். ஹேடன் 1959-இல், நீதிமன்றத் தடையையும் மீறி, தன் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பாய்மரக் கப்பலில் தாஹிட்டிக்குக் கிளம்பினார். 2017-இல் ஆரோ நிறுவனம் படத்தைச் செப்பனிட்ட பிரதியாக ப்ளூ-ரேயில் கொண்டுவந்தது. இன்று பார்க்க விரும்புகிறவர்கள் அந்தப் பிரதியைத் தேடிப் பாருங்கள். தேய்ந்த பழைய பிரதிகளில் ரென்னஹனின் கறுப்பும் வெள்ளையும் ஒன்றோடொன்று கலந்து சாம்பலாகத் தெரியும். ஹோசேயின் வீட்டுக் காட்சியில் அந்த முகத்தைச் சரியாகப் பார்க்க முடியாமல் போவது பெரிய இழப்பு.